இழுப்பு என்று நான் சொன்னது

1

அன்று காலை பத்தேகாலுக்கு அந்த அறைக்குள் இருந்தவர்கள்: டொக்டர் ஹெலன். பொறுப்பு நர்ஸ் சிஸ்டர் கிரேஸ். வேலைக்கு வந்து மூன்று வாரமேயான இன்னொரு நர்ஸ் பிள்ளை. கட்டிலில் புஷ்பராணி, வயது முப்பத்துநாலு. சுவரோரமாக அவளுடைய கணவன் சிவகுமார். சக்கர மேசைமேல் இருந்த ஃபோனுக்குள்ளே தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். கடைசியாக நான், நாலு கையுறைப் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி.

இந்தப் பட்டியலை நானாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வியே இதுதான்: சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தவர்கள் யார் யார். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், எழுத வராது. இருபத்தோரு வருசமாகிறது இந்த நாட்டுக்கு வந்து. இன்னமும் ஒரு படிவம் வந்தால் எழுத ஆள் தேடுகிறேன். மகள் தர்ஷினி வேறு ஊரில் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். ஃபோனில் நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

“அம்மா, ஃபோன்ல கதைச்சவரை ‘இருந்தவர்’னு போடவா?”

“குரல்தான் இருந்துச்சு. ஆள் இல்ல.”

“அப்ப போடவா, வேணாமா?”

“போட்ரு. அப்புறம் மறைச்சிட்டேன்னு சொல்லுவாங்க.”

“யாரும்மா சொல்லுவாங்க?”

யார் என்று எனக்கும் தெரியாது. யாராவது சொல்லுவார்கள் என்று நினைத்தே வளர்ந்தவள் நான். தர்ஷினியின் தமிழில் பாதி அவள் அப்பாவின் யாழ்ப்பாணம், பாதி என்னுடைய மலைநாட்டுத் தோட்டப் பேச்சு, மிச்சம் இங்கிலீஷ். கணக்கு இடிக்கிறதே என்றால், அவள் பேசும்போதும் இடிக்கத்தான் செய்யும். நடந்தது என்ன என்ற இரண்டாவது கேள்விக்கு வந்தபோது நிறுத்தினாள்.

“இழுப்புன்னா என்னம்மா?”

இருபது வயதுப் பிள்ளை. என் வயிற்றில் பிறந்தது. அதற்கு அந்தச் சொல் தெரியாமல் வளர்த்திருக்கிறேன். தெரியாமல் போனது அவளுடைய அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். சொன்னேன். அவள் ‘ஓ’ என்றாள், தட்டினாள்.

படிவத்தோடு வந்த கடிதத்தின் சுருக்கம் இது: சாமான் நிரப்புகிற வேலைக்காரி நோயாளி விசயத்தில் மொழிபெயர்க்கக் கூடாது, அது விதி. நீ விதியை மீறியிருக்கிறாய் போலத் தெரிகிறது. வந்து பதில் சொல். வேலை இருக்குமா, இருந்தாலும் அந்த அறைக்குள் இனி விடுவார்களா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள்.

அவர்களுக்குக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். ஊரில் இருக்கிற உங்களுக்கு முழுதாகவே எழுதுகிறேன்.

2

அந்த அறையை இங்கே ‘ரீசஸ்’ என்பார்கள். போகிற உயிரைத் திரும்பப் பிடித்து நிறுத்துகிற அறை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளே நுழைந்து இடது கைப்பக்கம். கட்டில் மூன்று. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலும் மூச்சுக்கு ஒட்சிசன் வருகிற வாய் ஒன்று, சளியையும் வாந்தியையும் உறிஞ்சுகிற குழாய் ஒன்று. பக்கத்தில் நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. அந்தப் பெட்டி தினமும் காலையில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, நான் நலம் என்று ஒரு துண்டுக் காகிதம் அடித்துக் கொடுக்கும். மனுசருக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

கட்டிலுக்கு ஒரு தள்ளுவண்டி. அதில் இழுப்பறைகள். மேலே இருப்பது தொண்டைக்கு: நாக்கைத் தூக்கிப் பிடிக்கிற விளக்குக் கருவி, மூச்சுக்குழாய்கள். அடுத்தது சுவாசத்துக்கு: பிறந்த பிள்ளை முதல் பெரிய ஆள் வரைக்கும் அளவு அளவாக முகமூடிகள், மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற முகமூடிகள். மூன்றாவது ஊசி, சேலைன் வகை. ஒவ்வொன்றையும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் பூட்டால் பூட்டி வைத்திருக்கும். பூட்டு அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மொத்த இழுப்பறையையும் எண்ணிப் பார்த்து, குறைந்ததை வைத்து, புதுப் பூட்டுப் போட்டு, அந்த நம்பரை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து நர்ஸுடையது. சாமான் கொண்டுவந்து வைப்பது நான்.

கொண்டுவந்து வைப்பது மட்டும்தான் என் வேலை. ஆனால் நான் பார்ப்பேன். உறிஞ்சுகிற குழாயைப் போட்டு, அதன் வாயில் பெருவிரலை வைத்து நர்ஸ் பார்க்கும்போது, விரலைக் கவ்வுகிறதா என்று தள்ளி நின்று நானும் பார்ப்பேன். விளக்குக் கருவியில் பல்பு எரிகிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். வீட்டுக்குப் போக பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டு, சின்ன அளவு முகமூடி இரண்டு வைத்தேனா ஒன்று வைத்தேனா என்று திரும்பி வந்திருக்கிறேன். சிஸ்டர் கிரேஸ் பிலிப்பீன்காரி. என்னை ராஜ் என்று கூப்பிடுவாள். ராஜேஸ்வரி அவள் வாயில் நுழையவில்லை.

“ராஜ், உன் வீட்டு அடுப்பு அணைஞ்சிருக்கான்னும் இங்க வந்துதான் பாப்பியா?” என்று கேட்பாள்.

சிரித்துவிட்டு, இரண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இந்த அறையில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. யாரும் எதையும் தேட மாட்டார்கள். கையை நீட்டினால் இருக்கும். அது ஒரு ஆளின் கெட்டித்தனம் இல்லை. நேற்று யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

3

எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் ஒட்சிசன் இருந்தது, சிலிண்டரில்.

மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மைல் ஏறவேண்டும். டிஸ்பென்சரி என்பது ஒரே ஒரு காம்பிரா, ஒற்றை அறை. ஒரு பெஞ்சு, பச்சை அலுமாரி, மூலையில் ஆள் உயரத்துக்கு ஒட்சிசன் சிலிண்டர். தூசி படாமல் இருக்க அதற்கு ஒரு பூப்போட்ட துணி மூடியிருக்கும். நாங்கள் அதை யாரோ கலியாணப் பொண்ணு நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டு மருந்துக்கு வரிசையில் நிற்போம்.

என் தம்பி பாலுவுக்கு இழுப்பு. கைக்குழந்தையிலிருந்தே. மழை இறங்கினால் ஆரம்பித்துவிடும். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும், தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கும். அம்மாவும் அப்பாவும் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்விட்டால் அவனைப் பார்க்க ஆள் வேண்டும். அதனால்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். படிப்பு ஏறவில்லை என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதுகை என் மேல் சாய்த்துக்கொள்வேன். படுத்தால் மூச்சு வராது.

அவனுக்குப் பதினாலு வயதில் ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும், டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். தோட்டத்து ஆள் கணக்குப் பார்க்கிற கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். அது அப்படித்தான். டிஸ்பென்சரி மருந்தய்யாவுக்குச் சிங்களம்தான் நன்றாக வரும். நமக்காகப் பேச ஒருத்தர் வருவார். கணக்கப்பிள்ளை, சங்கத் தலைவர், யாராவது. பேச ஒரு ஆள் வந்துவிட்டால் நாம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. கணக்கப்பிள்ளை நல்ல மனுசர். அப்பாவுக்கு லீவுத்துண்டு வேண்டும், காய்ச்சல் என்றால் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்து ‘உண’ என்றார். சிங்களத்தில் காய்ச்சல். மருந்தய்யா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எண்ண ஆரம்பித்தார்.

எனக்கு அந்த அளவுக்குச் சிங்களம் தெரியும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு பேசிப் பழகியதுதான். ‘உண’ இல்லை, ‘எதும’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் இழுப்பை அப்படித்தான் சொல்வார்கள், அதற்கும் இழுக்கிறது என்றுதான் அர்த்தம். சொல் வாய்க்குள் இருந்தது. கணக்கப்பிள்ளை நின்றார். நான் சொல்லவில்லை.

மாத்திரை எண்ணி முடிப்பதற்குள் பாலுவின் உதடு நீலமாகிவிட்டது. மருந்தய்யாவுக்கு அப்போது விளங்கியது. துணியை இழுத்துப் போட்டுவிட்டுச் சிலிண்டரைத் திறக்கப் போனார். திறக்கிற ஸ்பேனர் இல்லை. தேயிலைப் பெக்டரியில் ஏதோ வேலைக்கு வாங்கிப் போயிருக்கிறார்கள். ஆள் ஓடினான். கொழுந்து ஏற்றுகிற லொறியை வெறுமையாக்கி எங்களை ஏற்றினார்கள். நாங்கள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாலு சேரவில்லை.

நான் சொல்லியிருந்தாலும் ஸ்பேனர் பெக்டரியில்தான் இருந்திருக்கும். இதை எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

4

புஷ்பராணி ஆம்புலன்ஸில் வரவில்லை. ஒரு டாக்சி வாசலில் நின்றது, சிவகுமார் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவள்தான் வேலை விசாவில் வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை. இங்கிலீஷ் அவளுக்குத்தான் தெரியும். அவளோ பேசுகிற நிலையில் இல்லை. கூட வந்த புருசனுக்கு இங்கிலீஷ் வராது. வெள்ளை உடுப்பையும் நீல உடுப்பையும் கண்டதும் மனுசனுக்கு வாயில் சிங்களம் வந்துவிட்டது. “நோனா, எதும, எதும” என்றார், அம்மா இழுப்பு என்று. நம் ஆட்களுக்கு அதிகாரம் என்றால் சிங்களம்தானே. டொக்டர் ஹெலனுக்கு அதில் என்ன விளங்கும்? என்ன பாசை என்று கேட்டார்கள், ‘டமில்’ என்றார், ஃபோனைப் போட்டார்கள்.

ஃபோனில் வந்த ஐயா யாழ்ப்பாணத்து ஆள். குரலில் நல்ல பொறுமை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

“என்ன நடந்தது எண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ, தம்பி.”

“இழுப்புங்க ஐயா. சின்ன வயசுல இருந்தே இழுப்பு. முந்தாநாள்ல இருந்து இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. இன்னைக்குக் காலையில பேச்சில்லாம சாஞ்சிருச்சுங்க.”

“இழுக்கிறதெண்டா? வலிப்போ?”

“ஆமாங்க ஐயா. வலிக்குதுன்னுதான் சொன்னுச்சு.”

ஃபோன் இங்கிலீஷில் சொன்னது: இவருடைய மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். இரண்டு நாளாக வலிப்பு வந்து வந்து போகிறது. இன்று காலை நினைவிழந்துவிட்டார்.

சிவகுமார் சொன்னது அது இல்லை. எங்கள் வீட்டுக்காரர் யோகன் யாழ்ப்பாணம். அவருக்கும் லேசாக இந்த மூச்சு வருத்தம் உண்டு. கலியாணமான புதுசில் ஒரு நாள், “எனக்கு முட்டு” என்றார். எதில் முட்டினீங்க என்று கேட்டு, நெற்றியைத் தடவிப் பார்த்தவள் நான். அவர்களுக்கு அது முட்டு. இழுப்பு என்று சொன்னால் அவர்கள் காதில் கைகால் இழுக்கிற வலிப்புதான் விழும். இரண்டு சொல்லும் ஒரே வீட்டில் புழங்குவதால் எனக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்?

டொக்டர் ஹெலன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது, சத்தம் இல்லை போல. விசில் சத்தம் வரும்வரைக்கும் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம் என்று பாலுவால் எனக்குத் தெரியும். காற்றே உள்ளே போகாவிட்டால் எங்கேயிருந்து சத்தம் வரும்? ஒட்சிசன் ஏற்கெனவே போட்டாயிற்று. புஷ்பராணியின் கை இரண்டு தடவை வெட்டி வெட்டி அடங்கியது. அதைப் பார்த்ததும் இளம் நர்ஸ் வலிப்பு மருந்தை எடுக்கப் போனாள். ஆளை மயக்கி அடக்குகிற மருந்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேச ஆள் இருக்கிறது. ஃபோனில் இருக்கிறது. நான் கையுறை வைக்க வந்தவள்.

“ஃபிட்ஸ் இல்லை” என்றேன். என் இங்கிலீஷ் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “நெஞ்சு. வீஸிங். சின்னதிலிருந்து.”

டொக்டர் திரும்பிப் பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“அவர் பேசுறது எங்க ஊர்ப் பேச்சு.”

“நிச்சயமா?”

நான் எதிலும் நிச்சயமாக இருந்ததில்லை. இன்று என்ன கிழமை என்று கேட்டாலும் ஃபோனைப் பார்த்துத்தான் சொல்வேன். சிவகுமார் பக்கம் திரும்பினேன்.

“தம்பி, மூச்சு இழுப்பா, கைகால் இழுப்பா?”

எங்கள் ஊர்த் தமிழ் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “மூச்சுங்க அக்கா, மூச்சு. பம்பு வச்சிருக்கு. தீந்து ரெண்டு நாளாச்சு.” சட்டைப் பையிலிருந்து, மூச்சுக்கு மருந்து அடிக்கிற நீலப் பம்பை எடுத்து நீட்டினார். அவ்வளவு நேரமும் அது பையில்தான் இருந்திருக்கிறது. ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

டொக்டர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. கையை நீட்டினார். நான் பூட்டை அறுத்து, இரண்டாவது இழுப்பறையிலிருந்து மருந்துப் புகை முகமூடியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அது என் இரண்டாவது குற்றம். பெட்டிகள் எப்போது கீழே விழுந்தன என்று தெரியவில்லை. நாலும் தரையில் கிடந்தன. பிறகு மேலேயிருந்து மயக்க மருந்து டொக்டர்மார் ஓடி வந்தார்கள். தொண்டையில் குழாய் இறக்கினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று ஊரில் யாரும் பேச வேண்டாம். நீ சொல்லாவிட்டாலும் எப்படியும் கண்டுபிடித்திருப்பேன், ஒரு நிமிசமோ இரண்டு நிமிசமோ கூடப் போயிருக்கும் என்று டொக்டர் ஹெலனே பிறகு சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

5

சும்மா இருந்திருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வாய்தான் சும்மா இருக்காதே. அன்று மத்தியானம் சிஸ்டர் கிரேஸிடம் போய், நான் பேசியது பிழையா என்று கேட்டேன். இல்லை என்றாள். தேநீர் நேரத்தில் மறுபடி கேட்டேன். மறுநாள் காலை மறுபடி. பூட்டை அறுத்ததையும் சேர்த்துக் கேட்டேன்.

“ராஜ், இன்னொரு தடவை கேட்டால் நான் மேலிடத்துக்கு எழுதியே ஆகணும். கேட்காதே.”

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாவது நாள் கேட்டுவிட்டேன். அவள் பெருமூச்சு விட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். கடிதம் வந்தது.

யோகன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அவர் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிற வேலை, முதுகு போய்விட்டது.

“உம்மை ஆர் வாயைத் திறக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“பேந்து போய் நீரே கேட்டு எழுதுவிச்சுப் போட்டு வந்து நிக்கிறீர். கோழி தானா வந்து சட்டிக்குள்ள ஏறின கதை.”

“வேல போயிருமா?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஆஸ்பத்திரியே நடத்திறன்?” தட்டில் சோற்றைப் பிசைந்தார். “அந்தப் பிள்ளை தப்பீட்டுதோ?”

“மெசின்ல மூச்சு விடுது.”

“சரி, சாப்பிடும்” என்றார்.

விசாரணைக் கூட்டத்துக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு கிழமையும் வேறு பக்கத்தில், வார்டுகளுக்கு விரிப்புத் துணி கொண்டுபோகிற வேலை தந்தார்கள். ரீசஸ் கதவைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். என் இடத்துக்கு வந்தவள் முகமூடிகளை அளவு மாற்றி அடுக்கியிருந்தாள். உள்ளே போய்ச் சரிசெய்ய எனக்கு அனுமதி இல்லை. அதைச் சொல்லலாமா, சொன்னால் அதுவும் குற்றமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சிஸ்டர் கிரேஸிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்தாள். ஆனால் போய்ப் பார்த்தாள்.

6

ஆறாவது நாள் புஷ்பராணி கண் விழித்தாள். வார்டுக்கு விரிப்புக் கொண்டுபோகிற வழியில் சிவகுமாரைக் கண்டேன். தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்.

“அக்கா, நீங்கதானே? எந்தத் தோட்டம்?”

எத்தனை வருசத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி. இங்கே எந்த நாடு என்று கேட்பார்கள். தமிழ் ஆட்கள் யாழ்ப்பாணமா வன்னியா என்று கேட்பார்கள். எந்தத் தோட்டம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

“மஸ்கெலியாப் பக்கம். நீங்க?”

“றொசல்ல. ஸ்டேசனுக்குக் கிட்டவே எங்க லயத்து வீடு.”

“அதான. றொசல்லக்காரங்க ரயில வேடிக்க பாத்தே பாதிக் கொழுந்த விட்ருவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

“மஸ்கெலியாவுல மழ பேஞ்சு கொழுந்தே அழுகிருமாமே அக்கா” என்று சிரித்தார். ஆறு நாளைக்குப் பிறகு சிரிக்கிற சிரிப்பு, பாதியிலேயே நின்றுவிட்டது.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். “ஃபோன்ல அவரு வலிப்பான்னு கேட்டாரே, ஏன் தம்பி ஆமாங்கன்னீங்க?”

“பெரிய எடத்துல இருந்து கேக்கிறாங்க. இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?” என்றார். பிறகு, “அதோட நெஞ்சு வலியத்தான் கேக்கிறாருன்னு நெனச்சேன் அக்கா” என்றார்.

“ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்ல. மூணு நம்பர்தான.”

“தோட்டத்துல லொறிக்கு ஆபீஸ்ல துண்டு வாங்கணும்ல. இங்க யார்ட்டப் போய்த் துண்டு வாங்கிறதுன்னு தெரியலீங்க. டாக்சின்னா காசு குடுத்தா வந்திரும்.”

துண்டு தேவையில்லை என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த மூன்று நம்பரைச் சொல்ல வைத்தேன். இரண்டு தடவை. அவர் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். விரிப்புத் துணியோடு நான் திரும்பும்போது, “அக்கா, உங்களுக்கு ஒண்ணும் பிரச்சன வரலையே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

7

கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா மிகவும் மரியாதையானவர். என் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி வைத்தார். முதலில் நன்றி சொன்னார்கள். இங்கே நன்றி முதலில் வந்தால் பின்னால் ஒன்று வருகிறது என்று அர்த்தம்.

அவர் சொன்னது இது: தெரிந்த ஆட்கள், வேலையாட்கள் இடையில் புகுந்து மொழிபெயர்த்தால் பிழை வரும். நோயாளியின் சொந்த விசயம் வெளியே போகும். பிழை வந்தால் பொறுப்பு யார்? அதற்காகத்தான் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கிறோம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என் கோளாறு. யார் பேசினாலும் அவர் பக்கம் நியாயமாகப் படும். கணக்கப்பிள்ளை பக்கமும் நியாயம் இருந்தது.

“அன்று நீங்கள் சொன்னது சரி,” என்றார். “அடுத்த முறை பிழையாகவும் இருக்கலாம், இல்லையா?”

“ஆமாங்க,” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ‘எஸ்’ என்றேன்.

வேலை போகவில்லை. ரீசஸுக்கே திரும்பிப் போகலாம். ஆனால் ஒரு கடிதம் என் கோப்பில் ஒரு வருசத்துக்கு இருக்கும். அந்த அறையில் இனி நோயாளியிடமோ கூட வந்தவரிடமோ நான் வாய் திறக்கக் கூடாது. தமிழ் ஆள் வந்தால் ஃபோனைப் போடச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். இதற்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். பேச வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் படிப்பு, பத்து மாதம், முடித்தால் சான்றிதழ் தருவார்கள் என்றும் சொன்னார்கள். அதை எனக்காகச் சொன்னார்களா, முறைக்குச் சொன்னார்களா தெரியாது.

நானும் முறைக்குத்தான் விசாரித்தேன். தமிழ் தெரியுமா என்று ஃபோனிலேயே ஒரு பரீட்சை வைத்தார்கள். சோதித்தவர் இந்தியத் தமிழ் அம்மா. எதுவரை படித்தீர்கள் என்றார். எட்டு என்றேன். கல்லூரியில் எட்டு வருடமா என்றார். இல்லை, எட்டாம் வகுப்பு என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பிறகு வியாதிப் பெயர்களை இங்கிலீஷில் சொல்லித் தமிழில் கேட்டார். ஆஸ்துமா வந்தது.

“இழுப்பு,” என்றேன்.

“அது வட்டார வழக்கு. ஆஸ்துமா என்றே சொல்லலாம், எல்லாருக்கும் புரியும்.”

எல்லாருக்கும் புரியும் என்றால் நான் ஏன் இந்த ஃபோனில் நிற்கிறேன் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சேர்க்க மாட்டார்கள். “சரிங்க” என்றேன். எழுத்துக்குத் தனியாக உதவி தேவைப்படும் என்று குறித்துக்கொண்டு சேர்த்துவிட்டார்.

தர்ஷினிக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, நீ ஸ்கூல் போறியா? ஹோம்வொர்க் எல்லாம் நான் செஞ்சு தரமாட்டன், சொல்லிப்போட்டன்.”

“ஒனக்கு நான் செஞ்சு தந்தேனே.”

“நீ எனக்குக் கலர் பென்சில்தாம்மா சீவித் தந்தனி.”

அதுவும் உண்மைதான். யோகன் சாப்பாட்டு மேசையில் தன் பில் கட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, என் புத்தகத்துக்கு இடம் விட்டிருந்தார்.

இப்போது மறுபடி ரீசஸில்தான் இருக்கிறேன். வகுப்பு கிழமைக்கு இரண்டு தடவை, வேலை முடிந்த பிறகு. மேசையில் உட்கார்ந்தால் கண் தானாக மூடுகிறது. ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணி நேரமாகிறது. சான்றிதழ் கைக்கு வரும்வரைக்கும் நம் பக்கத்து ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, அந்தக் கதவு வழியாக ஒருவரும் வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வந்தால் போட்ட கையெழுத்துக்குக் கட்டுப்பட்டுச் சும்மா நிற்பேனா, பேசிவிடுவேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சிவகுமார் மாதிரி இன்னும் எத்தனை பேர் இந்த ஊருக்கு வந்திருக்கிறார்களோ.

படிப்புக்கு நானூற்று எண்பது பவுண். நாலு தவணை. முதல் தவணை போன வெள்ளிக்கிழமை கட்டினேன். இன்னும் கட்ட வேண்டியது முந்நூற்று அறுபது பவுண்.